வென்டிலேட்டர் ‘வீனிங்’: தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

வைகைக்கரையான்:
எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஐசியூ மருத்துவராக இருக்கிறேன். எங்கள் பிஜி (முதுநிலை) மாணவர்களுக்காக ஓர் இணையப் பாடத்தொகுப்பு செய்துகொண்டிருக்கிறோம். உடலியக்கம், மருந்தளவு, வென்டிலேட்டர் (மூச்சு மெஷின்) அலைவடிவப் படம் எல்லாம் அவர்களுக்கு ஆங்கிலத்தில் கொட்டிக் கிடக்கிறது. ஆஸ்திரேலியாக்காரர்களின் ‘டிரேஞ்ஜ்ட் பிசியாலஜி’, ‘லைஃப் இன் த ஃபாஸ்ட் லேன்’ இணையதளங்கள் இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன. ராத்திரி டூட்டியில் அதைத்தான் போனில் படிக்கிறார்கள். 2020-இல் ஹார்வர்டு கோவிட்டுக்கென்று வென்டிலேட்டர் பாடத்தை இணையத்தில் விட்டது. அதையும் பார்த்தார்கள்.

எங்கும் கிடைக்காதது ஒன்றுதான்: நோயாளியின் வீட்டாரிடம் தமிழில் எப்படிப் பேசுவது. அதற்கு ஆறு சிறு காணொளி எடுக்கிறோம். நான்காவதில் மாட்டிக்கொண்டேன். வென்டிலேட்டர் துணையைக் குறைத்து, நோயாளி தானாக மூச்சுவிடுகிறாரா என்று பார்த்து, கடைசியில் தொண்டைக் குழாயை எடுப்பது வரையான கட்டம் ‘வீனிங்’. வார்டில் “வீன் பண்றோம்” என்கிறோம். போன வாரம் ஒரு பெரியவர், “ஏன் சார் வீண் பண்றீங்க, காசு கட்டிட்டோமே” என்று கேட்டார். வியாழக்கிழமை ஒலிப்பதிவு. ஒரு சொல் தாருங்கள்.

முத்துப்புலவர்:
அன்பு மருத்துவர்க்கு. ஆங்கிலத்தில் அது குழந்தையின் பால்குடியை மறக்கச் செய்வது. நம்மிடம் ‘பால்மறப்பு’ இருக்க அலைவானேன்? வளியை மறப்பது ‘வளிமறப்பு’. மறத்தல் தன்வினை, இங்கே மருத்துவர் செய்விப்பதால் பிறவினையாக ‘வளிமறப்பித்தல்’ என்பதே இலக்கணம். எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும் இடத்தில் தொல்காப்பியர் உந்தியிலிருந்து எழும் காற்றை வளி என்றே ஆள்கிறார்.

ஒரு வியப்பு: பிள்ளைத்தமிழில் காப்பு தொடங்கிப் பத்துப் பருவம் வைத்த நம் புலவர்கள், பால்மறக்கும் பருவத்தை மட்டும் பாடாமல் விட்டார்கள். செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று போகிறதேயன்றிப் பால்மறப்பு இல்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் அது துயரமான காலம் என்பதாலோ? இதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

கோவைச் செவிலி:
ஐயா, மன்னிக்கோணும். வளிக்கும் வலிக்கும் நாக்குல வித்தியாசம் காட்டறவங்க இன்னைக்கு எத்தனை பேருங்க? “வளிமறப்பு பண்றோம்”னு சொன்னா மயக்க ஊசி போடப்போறாங்கன்னு நெனச்சுக்குவாங்க.

அப்புறம் பால் மறக்கடிக்கறதுன்னா எங்க ஆத்தா வேப்பெண்ணெய் தடவுவாங்க. கசந்து கசந்து புள்ள ரெண்டு நாள் அழுது ஓயும். ஐசியூல அப்படி யாரையும் பண்றதில்லைங்க.

நல்லூரான்:
புலவர் ஐயா ஆங்கிலச் சொல்லின்ர பாதியைத்தான் பார்த்திருக்கிறார். பழைய ஆங்கிலத்தில ‘வெனியன்’ எண்டால் பழக்குதல். மறத்தல் பிறகு ஒட்டிக்கொண்ட பொருள். குழந்தையைப் பாலை மறக்கப் பண்ணுறதில்லை, சோற்றுக்குப் பழக்கிறது. ஜெர்மன்காரர் இதையே ‘எண்ட்வோனன்’ எண்டு பழக்கம் நீக்கலாக்கினவை. ஆனபடியால் ‘தன்மூச்சுப் பழக்கல்’ எண்டது என்ர பரிந்துரை.

எங்கட பக்கம் மருத்துவத் தமிழ் புதுசில்லை. 1847-இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிரீன் யாழ்ப்பாணத்தில தமிழிலேயே வைத்தியம் படிப்பிச்சு டொக்டர்மாரை உருவாக்கினவர். அவர் உடற்கூற்றியலுக்கு ‘அங்காதிபாதம்’ எண்டும் எழுதினார், கெமிஸ்ட்ரிக்கு ‘கெமிஸ்தம்’ எண்டும் எழுதினார். தேவைப்பட்ட இடத்தில ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ்ச் சட்டை போட்டவர்.

தட்டச்சன்:
அப்படியானால் ‘வீனிங்கம்’ என்று வைத்துவிடலாமா அண்ணே? :-)

முத்துப்புலவர்:
கெமிஸ்தம் இன்று எங்கே? வேதியியல் அல்லவா வாழ்கிறது! அதுவே என் வாதத்துக்குச் சான்று.

நல்லூரான்:
ஐயா, எங்கட பள்ளிக்கூடங்களில அது இரசாயனவியல். வேதியியல் தமிழ்நாட்டோட நிண்டிட்டுது.

வைகைக்கரையான்:
நல்லூரான் சார் சொன்ன ‘பழக்கல்’ காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் மருத்துவப்படி அதில் ஒரு கோளாறு. நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினோம். நுரையீரலுக்குத் தினம் கொஞ்சம் பயிற்சி கொடுப்பதுபோலத் துணையைப் படிப்படியாகக் குறைப்போம். 1995-இல் ஸ்பெயின் மருத்துவர்கள் நான்கு முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாளுக்கு ஒரு தடவை துணையை எடுத்துத் தானாக மூச்சுவிட வைத்துச் சோதித்தவர்களுக்குத்தான் குழாய் சீக்கிரம் வெளியே வந்தது. அப்போது பரவலாக இருந்த ஒரு படிப்படி முறையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம். நோய் தணிந்ததும் பெரும்பாலோர் தயாராகிவிடுகிறார்கள், தயாரானதைக் கண்டுபிடிக்காமல் தாமதம் செய்வது நாங்கள்தான். 2007-இல் நிபுணர்கள் இந்த நோயாளிகளை வகுத்த பிரிவுப்படி பத்தில் ஏழு பேர் முதல் சோதனையிலேயே தேறிவிடுவார்கள்.

அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்ப்போம். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை ஒரு மூச்சின் லிட்டர் அளவால் வகுப்பதும் உண்டு. முப்பது மூச்சு, ஒவ்வொன்றும் 0.3 லிட்டர் என்றால் 100. 105-ஐத் தாண்டினால் தேறுவது கடினம் என்று 1991-இல் வந்த கணக்கு. ஆகவே இது பழக்குவதைவிடச் சோதிப்பது. ‘கொஞ்சங்கொஞ்சமாக’ என்று நானே வீட்டாரிடம் சொல்லியிருக்கிறேன். இனி சொல்லக்கூடாது என்று இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

தட்டச்சன்:
டாக்டர், அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் தலைப்பில் ‘வீனிங்’ இல்லையே, ‘லிபரேஷன்’ என்றல்லவா இருக்கிறது? நாமும் ‘வென்டிலேட்டர் விடுதலை’ என்று போய்விடலாம். மூச்சு விடுதல், வென்டிலேட்டரை விடுதல், விடுதலை. ‘விடு’ ஒன்றே மூன்றுக்கும் வருகிறது.

முத்துப்புலவர்:
தம்பி தட்டச்சன் அருமையான வேரைத் தொட்டார். ஆனால் வென்டிலேட்டர் எதற்கு? மூச்சுக்குப் பழந்தமிழ் ‘உயிர்ப்பு’. பெருமூச்சை நெட்டுயிர்ப்பு என்கிறோம். கருவி ‘உயிர்ப்பி’, இச்செயல் ‘உயிர்ப்பி விடுப்பு’ அல்லது ‘உயிர்ப்பு விடுவிப்பு’.

வைகைக்கரையான்:
ஐயா, காலில் விழுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஐசியூ வாசலில் நின்று, “உங்க அப்பாவுக்கு நாளைக்கு உயிர்ப்பு விடுவிப்பு” என்று சொல்லிவிட்டு நான் லிஃப்ட் வரைக்கும் போய்ச் சேர முடியாது. ‘உயிரை விட்டார்’ என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தட்டச்சனின் ‘விடுதலை’க்கும் இதே பயம்தான். “அவருக்கு விடுதலை கெடச்சிருச்சு” என்று நம் ஊரில் எப்போது சொல்வார்கள்?

முத்துப்புலவர்:
மக்கள் அறியாமைக்காகச் சொல்லைக் கொல்வதா? பயன்படுத்தப் பயன்படுத்தப் பழகும். பேருந்து பழகவில்லையா?

கோவைச் செவிலி:
பஸ்ஸுன்னுதானுங்க நாங்க இன்னும் சொல்றோம்.

நல்லூரான்:
உயிர்ப்பு எண்ட உடன திருமூலர் ஞாபகம் வந்திட்டார். மூச்சை இழுக்கிற பூரகம் பதினாறு, அடக்கிற கும்பகம் அறுபத்து நாலு, விடுகிற ரேசகம் முப்பத்திரண்டு. உள்மூச்சுக்கு வெளிமூச்சு இரட்டிப்பு. வென்டிலேட்டரிலயும் ஒண்டுக்கு ரெண்டுதானே வைப்பினம், டொக்டர்? அப்ப ‘ரேசகத் துணை நீக்கல்’ எண்டு…

வைகைக்கரையான்:
ஒன்றுக்கு இரண்டு சரிதான். ஆனால் கும்பகம் அறுபத்து நாலு வைத்தால் அலாரம் நிற்காது. தவிர, மெஷின் தள்ளித் தருவது பூரகத்தை. ரேசகம் பெரும்பாலும் தானாக நடப்பது.

1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மெஷின் பற்றாமல் மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையால் பையை அமுக்கித்தான் குழந்தைகளுக்கு மூச்சு கொடுத்தார்கள். எங்கள் துறையே அங்கேதான் பிறந்தது. அன்றைக்கு வீனிங் என்றால் மாணவனை வீட்டுக்கு அனுப்புவது! சரி, நாளை வியாழன்.

தட்டச்சன்:
இதுவரை வந்தவை: வளிமறப்பு, தன்மூச்சுப் பழக்கல், விடுதலை, உயிர்ப்பி விடுப்பு. தனிமடலில் ஒருவர் ‘மூச்சுமீட்பு’ என்றார். அது நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிப்பதோடு குழம்பும். நான் ‘விலக்கல்’ என்கிறேன். வென்டிலேட்டர் விலக்கல். யார் எதை விலக்குகிறார் என்பது தெளிவு. படிப்படியாகவா ஒரேயடியாகவா என்ற வம்பில் சொல் தலையிடவில்லை. தோற்றால் திரும்ப மாட்டிக்கொள்ளவும் இடம் இருக்கிறது.

நல்லூரான்:
மதுவிலக்கு மாதிரிக் கேட்குது. தடை எண்ட வாசம் அடிக்குது. ஆனாலும் மறுக்கேல்லை.

கோவைச் செவிலி:
விலக்குன்னா பொம்பளைங்களுக்கு வேற ஞாபகம் வருமுங்க. ‘விலக்கல்’னு முழுசா எழுதுனா சரி. பேசும்போது, “மூச்சு மெஷினை எடுத்துட்டு, அவரா மூச்சு விடறாரான்னு பாக்கறோம். சிரமப்பட்டா திரும்ப வெச்சுக்குவோம்.” அவ்வளவுதான். நான் பதினெட்டு வருஷமா இதைத்தான் சொல்றேன், யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

வைகைக்கரையான்:
அக்கா, காணொளியின் வசனமாக இதையே அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தலைப்பிலும் மாணவர் குறிப்பிலும் ‘வென்டிலேட்டர் விலக்கல்’. குழாய் எடுப்பது வேறு செயல் என்பதால் அது ‘குழாய் எடுப்பு’ என்று தனியே இருக்கும். எல்லோருக்கும் நன்றி.

முத்துப்புலவர்:
பெரும்பான்மை என்பது சோர்வின் மறுபெயர் ஆகிவிட்டது. ‘வென்டிலேட்டர்’ என்ற வேற்றுச்சொல்லுக்கு ‘விலக்கல்’ என்ற வாலைக் கட்டிவிட்டுக் கலைச்சொல் என்கிறீர்கள். என் மறுப்பைப் பதிவு செய்க. ‘உயிர்ப்பி’ ஒருநாள் வரும்.

வைகைக்கரையான்:
பதிவு செய்தாயிற்று ஐயா. கோபிக்காமல் அடுத்ததையும் பாருங்கள். ஐந்தாவது காணொளி டெலிரியம். ஐசியூவில் சில நாள் கழித்துப் பெரியவர்கள் திடீரென்று இடம் காலம் தெரியாமல் பேசுவது, குழாயைப் பிடுங்குவது. செவ்வாய்க்குள் வேண்டும்.

முத்துப்புலவர்:
அதற்கு ஏன் அலைவானேன்? சித்த மருத்துவத்தில் ‘சன்னி’ என்று கைமேல் இருக்கிறதே!

கோவைச் செவிலி:
ஐயா, எங்க ஊர்ல ஜன்னின்னா வலிப்புங்க.