மூன்று சீசனில் ஒரு பயிற்சியாளரை எடைபோட முடியுமா?

நடுக்கோடு:
என் மகள் படிக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆண்கள் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளரை இந்த மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் மூன்று சீசன்தான் முடிந்திருக்கிறது. மூன்றிலும் தோல்விகளே அதிகம். ஆனால் மீதி இரண்டு ஆண்டுப் பணமும் அவருக்கு உண்டாம். வேலை பார்க்க வேண்டாம் என்பதற்குச் சம்பளம் தருவதை இப்போதுதான் பார்க்கிறேன். அது கிடக்கட்டும். ஒருவரைத் தெரிந்துகொள்ள மூன்று சீசன் போதுமா? பெயர் பெற்ற பழைய பயிற்சியாளர்களுக்கு எவ்வளவு அவகாசம் கிடைத்தது?

துண்டு மடித்தவன்:
போதாது. அங்கே முதுகலை படித்தபோது ஒரு சிறிய கல்லூரி அணியில் இரண்டு சீசன் எடுபிடி வேலை பார்த்தவன் நான். துண்டு மடிப்பேன், தண்ணீர் நிரப்புவேன், பயிற்சியில் யார் எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தார் என்று குறித்துவைப்பேன். ஆகவே இது பெஞ்சின் கடைசியிலிருந்து பார்த்தவனின் கருத்து.

மைக் ஷஷெஃப்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள் (இந்தப் பெயருக்குப் பயந்தே ஊர் முழுக்க அவரைக் ‘கோச் கே’ என்று அழைத்தது). 1980இல் டியூக் பல்கலைக்கழகம் அவரை நியமித்தபோது, ராணுவக் கல்லூரியில் அவருடைய கடைசி சீசன் 9 வெற்றி, 17 தோல்வி. டியூக்கில் முதல் மூன்று சீசன்களில் 38 வெற்றி, 47 தோல்வி. மூன்றாவது சீசனின் கடைசி ஆட்டத்தில் வர்ஜீனியாவிடம் 66-109 என்று அடி வாங்கினார். அவரை விரட்டச் சொல்லிப் பணக்கார ஆதரவாளர்கள் கூச்சலிட்டார்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் என்ன செய்தார் தெரியுமா? 1984 ஜனவரியில் ஒப்பந்தத்தை நீட்டித்தார். 2022இல் ஓய்வு பெறும்போது கோச் கேயின் கணக்கில் ஐந்து தேசியப் பட்டங்கள், 1,202 வெற்றிகள். அவர் புகழில் பாதியைப் பட்டர்ஸுக்கு எழுதிவைப்பேன் நான்.

வட கரோலினாவின் டீன் ஸ்மித்துக்கு 1965இல் சொந்த மாணவர்களே கொடும்பாவி கட்டித் தொங்கவிட்டார்கள். அவர் 1997 வரை இருந்து 879 ஆட்டங்களை வென்றார். இறந்த பிறகு பார்த்தால், தன் பழைய வீரர்கள் ஒவ்வொருவருக்கும் உயிலில் 200 டாலர் ஒதுக்கியிருந்தார், வெளியே போய் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று.

எங்கள் பயிற்சியாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்ச்சில் வேலைக்கு வருபவர் கையில் முதல் ஆண்டு இருப்பது முந்தையவர் விட்டுச்சென்ற அணி. தானே பள்ளி பள்ளியாக அலைந்து சேர்த்த பையன்கள் பெரியவர்களாவதற்குள் மூன்றாம் சீசன் முடிந்துவிடும். ஒரு பையனுக்குப் பதினான்கு மாதம் வாரம் ஒரு கடிதம் எழுதினார். அவன் வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். அன்று இரவு துணி துவைக்கும் அறைக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் என்னோடு துண்டு மடித்தார். அவரையும் மூன்றாம் ஆண்டில்தான் அனுப்பினார்கள். அவர் சேர்த்த பையன்களை வைத்து அடுத்தவர் கோப்பை வாங்கினார். அந்தப் புகைப்படத்தை இன்றுவரை நான் முழுதாகப் பார்த்ததில்லை.

கணக்குப்பிள்ளை:
உருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்குப் பழையது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தும் தேறாதவர்களின் பெயரை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? தப்பித்த இருவரை வைத்துச் சட்டம் எழுதக் கூடாது.

மேலும், 2021 முதல் ஒரு வீரர் கல்லூரி மாறினால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டியதில்லை. அதே ஆண்டு ஜூலையில் சொந்தப் பெயரை வைத்து விளம்பரப் பணம் வாங்கவும் அனுமதி வந்தது. 2025இலிருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் தருகிறது. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை. ஒரே வசந்த காலத்தில் அணி முழுவதையும் மாற்றலாம் என்றான பிறகு மூன்று ஆண்டு அவகாசம் தாராளம்.

பயிற்சியாளர்களும் இதைச் சகிப்பதில்லை. வர்ஜீனியாவின் டோனி பென்னெட் 2018இல் தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே, தரவரிசையில் முதலிடத்து அணி பதினாறாம் இடத்து அணியிடம் தோற்ற, ஆண்கள் போட்டியின் முதல் அவமானத்தைச் சுமந்தார். அடுத்த ஆண்டே பட்டம் வென்றார். 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, இந்தப் புதிய சூழலுக்குத் தான் ஏற்றவரல்ல என்று விலகிவிட்டார்.

பின்வரிசை:
பெண்கள் அணியை மறந்துவிட்டீர்களே. பாட் சம்மிட் 1974இல் டென்னசியில் பொறுப்பேற்றபோது வயது 22, சம்பளம் மாதம் 250 டாலர். வேனை ஓட்டியதும் சீருடை துவைத்ததும் அவரே. முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோல்வி, 83-84. முதல் தேசியப் பட்டம் 1987இல்தான் வந்தது. மொத்தம் எட்டுப் பட்டங்கள், 1,098 வெற்றிகள். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: 38 சீசனில் ஒன்றில்கூட அவருக்குத் தோல்விகள் வெற்றிகளை மிஞ்சவில்லை. அதனால் நடுக்கோடு கேட்டதற்கு அவர் சரியான உதாரணம் அல்ல.

துண்டு மடித்தவன்:
கணக்குப்பிள்ளை சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதிக்கு ஒரு கேள்வி. நடுக்கோடு, அவர் சேர்த்த வீரர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள்? உங்கள் மகளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

நடுக்கோடு:
கேட்டேன். பயிற்சியாளரை அனுப்பிய இரண்டே வாரத்தில் பதினைந்து பேரில் ஒன்பது பேர் வேறு கல்லூரி தேடுவதாகப் பெயர் கொடுத்துவிட்டார்களாம். புதியவர் வந்த முதல் நாள் ஐந்துக்கு ஐந்து ஆடிப் பார்க்க ஆள் போதாமல், உதவிப் பயிற்சியாளர்களும் ஷூ மாட்டிக்கொண்டு இறங்கினார்கள் என்கிறாள்.