வெளியேறவும் அனுமதி வேண்டும்: அமைதிப்படைப் பணியிலிருந்து திரும்பியவர்களின் அனுபவப் பகிர்வு

எம்.டி. ஹவில்தார் (ஓய்வு) எழுதியது:

தன் மண்ணில் நிற்கும் ஐ.நா. அமைதிப்படை இனி வேண்டாம் என்று ஒரு நாட்டு அரசு முடிவு செய்துவிட்டால் படை எப்படிக் கிளம்பும்? கொடியை இறக்கி, மூட்டை கட்டி, வண்டியேறிப் போய்விடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வடகிழக்கு ஆப்பிரிக்காவின் எரித்ரியாவில் எங்கள் முகாமுக்கு வந்து யாரும் "போ" என்று சொல்லவில்லை. 2007 டிசம்பர் 1-ஆம் தேதி டீசலை நிறுத்தினார்கள்.

இந்தியப் பட்டாலியனின் எம்.டி. பிரிவில், அதாவது வண்டிப் போக்குவரத்துப் பிரிவில், இருந்தேன். வண்டிச் சாவிகள், லாக்புக், டீசல் கணக்கு மூன்றும் என் பொறுப்பு. எங்கள் முகாம் மத்தியப் பகுதியில், செனாஃபே ஊரின் பக்கத்தில் இருந்தது. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே உள்ள மேட்டுநிலம். டிசம்பர் இரவின் குளிர் எலும்பைத் துளைக்கும்.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் அந்த அரசை வெறும் முரட்டு அரசு என்று நினைத்துவிடக் கூடாது. 1998 முதல் 2000 வரை எத்தியோப்பியாவும் எரித்ரியாவும் போரிட்டுப் பல்லாயிரம் உயிர்களை இழந்தன. சண்டை நின்றதும் 25 கிலோமீட்டர் அகலத்தில் தற்காலிகப் பாதுகாப்பு மண்டலம் ஒன்றை வகுத்தார்கள். அது முழுவதும் எரித்ரிய மண்ணில் இருந்தது. எல்லை எது என்று தீர்ப்பளிக்க ஓர் ஆணையம் அமைந்தது. தீர்ப்பு எதுவானாலும் கட்டுப்படுவோம் என்று இரு நாடுகளும் கையெழுத்திட்டிருந்தன. போருக்குக் காரணமான பாத்மே என்ற எல்லை ஊர் எரித்ரியாவுக்கே சொந்தம் என்று 2002 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. எத்தியோப்பியா அதை நிறைவேற்றவில்லை. வல்லரசுகளும் அதை நெருக்கவில்லை. பாத்மே எத்தியோப்பியாவின் கையிலேயே இருக்க, எரித்ரியாவின் நிலத்தில் மட்டும் ஐ.நா.வின் நீலத் தொப்பிகள் ஆண்டுக்கணக்கில் நின்றன. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது; இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். கடைசியில், தரையில் எல்லைத்தூண் நட வழியில்லாத ஆணையம், வரைபடத்தில் புள்ளிகளைக் குறித்துக் கொடுத்துவிட்டு 2007 நவம்பர் முடிவோடு ஓய்ந்தது. மறுநாள்தான் டீசல் நின்றது.

அதற்கு முன்பே ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். 2005 அக்டோபரில் ஹெலிகாப்டர் பறக்கத் தடை. அந்த டிசம்பரில் ஐரோப்பிய, வட அமெரிக்க நாட்டவர் பத்து நாளில் வெளியேற வேண்டும் என்ற உத்தரவு. 2006 அக்டோபரில் மண்டலத்துக்குள்ளேயே அவர்களுடைய படையும் டாங்கிகளும் வந்து நின்றன. நான் போய்ச் சேர்ந்தபோது, கண்ணைக் கட்டிவிட்டுக் காவல் காக்கச் சொன்ன கதையாகத்தான் எங்கள் வேலை இருந்தது.

காலை ஆறு மணிக்கு டீசல் தொட்டியில் டிப் கம்பியை இறக்குவேன். துணியால் துடைத்து, அடிவரை விட்டு, மெல்ல எடுத்தால் ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று தெரியும். டிசம்பர் தொடக்கத்தில் முழங்கை உயரத்துக்கு நனைந்த கம்பி, ஜனவரி முடிவில் ஒரு சாண்கூட நனையவில்லை. ஜெனரேட்டரை முதலில் பகலில் நிறுத்தினோம். பிறகு வயர்லெஸ் பேட்டரிகளுக்கு மின்னேற்ற மட்டும் ஓட்டினோம். வண்டி ரோந்து நின்று நடை ரோந்தானது. எத்தனை கிலோமீட்டரைக் காலால் பார்க்க முடியும்?

நான்கு ஜெர்ரிகேன்களை மட்டும் யாரும் தொடக்கூடாது. அவை ஆம்புலன்சுக்கானவை. ஹெலிகாப்டர் இல்லாததால், ஆபத்தான நோயாளியை மலைச்சாலை வழியாகத் தலைநகர் அஸ்மாராவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் கேன்கள் இருந்த அறைக்கு இரண்டு பூட்டு; ஒரு சாவி என்னிடம், மற்றொன்று டாக்டர் சாகிப்பிடம்.

இந்தக் கணக்கில் அடிபட்டது தண்ணீர் லாரி. வாரம் ஒருமுறை பக்கத்துக் கிராமத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவோம். வரிசையில் முதல் ஆளாக ஒரு மூதாட்டி நிற்பார். வெள்ளைப் போர்வையைத் தலையோடு போர்த்தி, இரண்டு மஞ்சள் கேன்களைக் கயிற்றால் இணைத்துக் கழுதைமேல் போட்டிருப்பார். லாரி நின்ற இரண்டாவது வாரம் அவர் முகாம் வாசலுக்கே வந்துவிட்டார். மொழிபெயர்ப்பாளரை அழைத்துக்கொண்டு போனேன். "ஏன் வரவில்லை, நாங்கள் ஏதாவது தவறு செய்தோமா?" என்று கேட்டார். உங்கள் அரசு டீசலை நிறுத்திவிட்டது அம்மா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மொழிபெயர்க்க வேண்டியவர் உள்ளூர் இளைஞர். ஐ.நா.வின் உள்ளூர்ப் பணியாளர்களைப் பிடித்துக்கொண்டு போவது அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்த வாக்கியத்தை அவர் வாயில் வைத்தால் அன்று இரவு அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். "லாரி பழுது" என்றேன். அந்த அம்மா என் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் கழுவித் துடைத்து, வரிசையாக, பளபளவென்று நின்றன. எதுவும் பேசாமல் கழுதையைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தப் பொய்யை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

2008 பிப்ரவரி 11-ஆம் தேதி முதல் எத்தியோப்பியப் பக்கம் இடம்மாறுவது என்று மேலிடம் முடிவு செய்தது. எத்தியோப்பியாவின் எல்லை ஊரான ஸாலாம்பெஸா போகும் சாலையில் எல்லை எங்களுக்குக் கிட்டத்தில்தான் இருந்தது. கிடைத்த டீசலைப் பங்கிட்டு, கூடாரங்களை மடித்து, கிளம்புவதற்கு வண்டிகளை வரிசையில் நிறுத்தினோம். சோதனைச் சாவடியில் தடுப்புக் கம்பம் உயரவில்லை. அங்கே நின்ற பையனுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கால்களில் பிளாஸ்டிக் செருப்பு. ஒவ்வொரு வண்டியாக ஏறி ஜெர்ரிகேன்களை எண்ணிக் காகிதத்தில் குறித்துக்கொண்டான். எத்தனை ஆண்டாகப் படையில் இருக்கிறாய் என்று சைகையில் கேட்டேன். ஏழு விரல் காட்டினான். கட்டாயப் படைச்சேவைக்கு அங்கே முடிவுத் தேதி கிடையாது. திரும்பிப் போங்கள் என்று கையசைத்தபோது அவன் முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

மொத்தப் படையிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகள்தான் அந்த வாரம் எல்லை தாண்டின. உணவுப் பொருள் வரத்தும் நின்றது. பாதுகாப்புச் சபை கண்டித்து அறிக்கை விட்டது. வயர்லெஸ்ஸில் அதைக் கேட்டுக்கொண்டே நான் கம்பியை இறக்கிப் பார்த்தேன். எங்களை வேண்டாம் என்கிறார்கள், நாங்களும் போகிறோம் என்கிறோம். பிறகு ஏன் வழிமறிக்கிறார்கள் என்று இளம் சிப்பாய்கள் என்னிடம் கேட்பார்கள். நான் புரிந்துகொண்டது இதுதான். எந்தச் சாலையில், எத்தனை வண்டியோடு, என்று போகவேண்டும் என்பதையும் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். தங்க அனுமதி கேட்ட இடத்திலேயே கிளம்பவும் அனுமதி கேட்டு நின்றோம்.

கடைசியில் திறந்தது எதிர்த்திசை: அஸ்மாரா, நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஓடாத வண்டிகளிலிருந்து குழாய் போட்டு டீசலை உறிஞ்சினோம். அப்படியும் குறைந்தது. டாக்டர் சாகிப் தானாக வந்து தன் சாவியை என் கையில் வைத்தார். நான்கு ஜெர்ரிகேன்களையும் கான்வாயில் ஊற்றினோம். வழியில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அது எங்கள் திறமையில்லை, கடவுள் கருணை. அஸ்மாராவிலிருந்து விமானத்தில் அனுப்பினார்கள். தற்காலிக இடமாற்றம் என்றுதான் உத்தரவில் எழுதியிருந்தது. பாதுகாப்புச் சபையின் 1827-ஆம் தீர்மானத்தோடு 2008 ஜூலை 31-இல் பணியே முடிந்துபோனது.

*

மாலி நாட்டின் காவோ நகரில் சரக்குப் போக்குவரத்துப் பிரிவில் இருந்தவர் எழுதியது:

ஹவில்தார் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தபோது கை நடுங்கியது. நான் சீருடை அணிந்தவன் இல்லை, மாலியில் ஐ.நா. பணியில் இருந்த சிவிலியன். அங்கே வாய்திறந்தே சொன்னார்கள். 2023 ஜூன் 16-ஆம் தேதி மாலியின் வெளியுறவு அமைச்சர் அப்துலாயே தியோப் பாதுகாப்புச் சபையிலேயே, தாமதமின்றி வெளியேறுங்கள் என்றார். ஜூன் 30-இல் தீர்மானம் வந்தது. டிசம்பர் 31 கெடு. சுமார் 13,000 படையினரும் போலீசாரும், பத்தாண்டுகளில் பாலைவனத்தில் கட்டிய முகாம்களும் ஆறு மாதத்தில் காலியாக வேண்டும்.

கிடால், டெஸ்ஸாலிட், அகெல்ஹோக் என்ற மூன்று வடக்கு முகாம்களிலிருந்து பொருட்களை ஏற்றிவர காவோவில் ஏறத்தாழ 200 வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தோம். செப்டம்பர் இறுதியிலிருந்து அவற்றுக்கு வடக்கே போக அனுமதி வரவில்லை. தினமும் காலையில் ஓட்டுநர்கள் என் மேசைக்கு வந்து முகத்தைப் பார்ப்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். டயர் நிழலில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். அக்டோபர் முழுவதும் இதே கதை. அதற்குள் வடக்கே அரசுப் படைக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் சண்டை மூண்டுவிட்டது. முகாமை அரசிடம் ஒப்படைக்கத்தான் வேண்டும் என்றது அரசு. எங்கள் பகுதியில் அரசுப் படை வரக்கூடாது என்றன குழுக்கள்.

வண்டி போகாததால், இருந்தவற்றை அங்கேயே அழிக்க வேண்டியதாயிற்று. ஜெனரேட்டர்கள், வண்டிகள், தகவல் தொடர்புக் கருவிகள். அழித்தவற்றின் பட்டியல் என் கணினிக்கு வரும். நான் இறக்குமதி செய்து, வரிசை எண் பதிந்து, கையெழுத்திட்டு அனுப்பிய பொருட்கள். அந்த எண்களை என் கையாலேயே ஒவ்வொன்றாக நீக்கினேன்.

அக்டோபர் 31-ஆம் தேதி, திட்டமிட்ட நாளுக்கு முன்பே, கிடாலிலிருந்து கடைசி கான்வாய் கிளம்பியது. காவோவுக்கு 350 கிலோமீட்டர். விமானப் பாதுகாப்பு போதாது, வழியெல்லாம் கண்ணிவெடி. ஒன்று வெடித்த செய்தி வரும், காயமடைந்தோர் எண்ணிக்கை வரும், அடுத்த வெடி. அவர்கள் காவோ வாசலில் நுழைந்தபோது உதடுகள் வெடித்து, கண் இமையெல்லாம் புழுதியாக இருந்தார்கள். முதல் வண்டியிலிருந்து இறங்கிய ஒருவர் தண்ணீர் கேட்கவில்லை. பின்னால் எத்தனை வண்டி வந்து சேர்ந்தன என்று கேட்டார். அந்தப் பணியில் பத்தாண்டில் 300-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். போகும்போதாவது யாரும் சாகக்கூடாது என்ற ஒரே நினைப்போடுதான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

*

காஸாவில் பணிபுரிந்த வீரரின் மகள் எழுதியது:

ஐயா, என் அப்பா 1967-இல் காஸாவில் இருந்த இந்தியப் பட்டாலியனில் சிப்பாய். 1956 போருக்குப் பின் அமைத்த ஐ.நா. அவசரப்படை அது. இஸ்ரேல் தன் பக்கம் நிற்க விடாததால் அந்தப் படையும் ஒரே நாட்டின் பக்கத்தில்தான், எகிப்தின் கட்டுப்பாட்டில் இருந்த நிலத்தில்தான், நின்றது. நீங்கள் எழுதிய 25 கிலோமீட்டரைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

1967 மே 16-ஆம் தேதி இரவு எகிப்தின் கடிதம் தளபதி இந்தர்ஜித் ரிக்யேயிடம் வந்தது. 18-ஆம் தேதி பொதுச்செயலாளர் ஊ தாண்ட் விலகச் சம்மதித்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் சம்மதித்திருக்கலாமா என்று பலர் அவரைக் குறை சொன்னார்கள். அழைத்தவரே வேண்டாம் என்ற பிறகு அவர் எதை வைத்துத் தங்கியிருப்பார் என்று அப்பா கேட்பார். கனடா படையை மட்டும் 48 மணி நேரத்தில் போகச் சொன்னதால் அவர்கள் மே மாத முடிவுக்குள் விமானத்தில் போய்விட்டார்கள். இந்தியர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். ஜூன் 5-ஆம் தேதி போர் வெடித்தது. சாலையில் போன வெள்ளை வண்டிகளை விமானங்கள் சுட்டன. அந்தச் சில நாட்களில் 14 இந்திய வீரர்கள் இறந்தார்கள்.

அப்பா அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. மடித்த கட்டிலை மூன்று முறை பிரித்துப் போட்டோம் என்று மட்டும் சொல்வார். இன்று கிளம்புகிறோம் என்று மடிப்பது, மாலையில் மீண்டும் பிரிப்பது. மூன்றாவது முறை பிரித்த கட்டிலில் படுத்த பக்கத்து ஆள் திரும்பி வரவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா ஐயா? உங்களைத் திருப்பி அனுப்பிய அந்த ஸாலாம்பெஸா சாலை பிறகு எப்போதாவது திறந்ததா?

*

எம்.டி. ஹவில்தார் (ஓய்வு) எழுதியது:

மகளே, உன் அப்பாவுக்கு என் வணக்கம். அந்தக் கட்டிலைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுந்து நடந்துகொண்டிருந்தேன்.

திறந்தது. 2018 ஜூலையில் இரு நாட்டுத் தலைவர்களும் அஸ்மாராவில் கைகோத்துப் போர் முடிந்தது என்று கையெழுத்திட்டார்கள். செப்டம்பர் 11-ஆம் தேதி ஸாலாம்பெஸா எல்லை திறந்ததை டிவியில் காட்டினார்கள். இருபதாண்டு காணாத உறவினர்கள் சாலை நடுவில் கட்டிப்பிடித்து அழுதார்கள். என் கண் அந்தத் தடுப்புக் கம்பத்தைத்தான் தேடியது, காணவில்லை. வெள்ளைப் போர்வை போர்த்திய மூதாட்டிகள் கூட்டமாக நின்றார்கள். செய்தி முடிந்த பிறகும் அவர்களில் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சில மாதங்களில் எல்லையை மீண்டும் மூடிவிட்டார்கள்.