மறு: நேட்டிவ் செயற்கூறை அழைப்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> 'பூர்வீக அழைப்பு' உறுத்துகிறது. 'தாயக அழைப்பு' என்று வைக்கலாமே?

வணக்கம். ஒரு மொழியில் எழுதிய நிரல், சி போன்ற வேறொரு மொழியில் எழுதிய நூலகச் செயற்கூறை (ஃபங்ஷன்) கூப்பிடுவதற்குத்தானே பெயர் தேடுகிறோம்.

காதுக்கு இனிமைதான். ஆனால் யாருக்குத் தாயகம்? இயங்குதளத்தின் நூலகத்தில் இருக்கும் செயற்கூறு அந்த எந்திரத்துக்கு வீட்டு ஆள். பைத்தானில் நிரல் எழுதுகிறவருக்கு வெளியாள். அழைக்கிறவர் பக்கம் நின்றுதானே பெயர் வைக்கிறோம்? லிஸ்ப் என்ற நிரல்மொழிக்காரர்கள் இதை 'ஃபாரின்' (அயல்) என்றார்கள். 1997-இல் 1.1 பதிப்பு வந்தபோது 'நேட்டிவ்' என்ற ஜாவாவே, 2024-இல் 22ஆம் பதிப்பில் புது வழியை நிலைப்படுத்தியபோது 'ஃபாரின்' பக்கம் வந்துவிட்டது.

அதனால் என் பரிந்துரை: அயலழைப்பு. அயல்நாடு, அயல்மொழி, அயற்பணி என்று ஏற்கெனவே புழங்கும் சொற்களோடு ஒட்டிக்கொள்ளும். அந்த அந்நியத்தன்மை பெயரில் தெரிவதும் நல்லதே. அண்மையில், பைத்தானிலிருந்து சி செயற்கூறுகளைக் கூப்பிட உதவும் சிடைப்ஸ் வழியாக சி நூலகத்தின் கெட்என்வ் செயற்கூறை அழைத்தேன். சூழல் மாறியின் மதிப்பு சரமாக வரும் என்று பார்த்தால், வந்தது ஓர் எதிர்ம எண்! திரும்பி வருவது என்ன வகை என்று நாம் சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதை 'இன்ட்' (32 பிட் முழு எண்) என்றே எடுத்துக்கொள்ளும். உண்மையில் வந்தது சரம் இருக்கும் முகவரி; அந்த 64 பிட் முகவரியில் கீழ் 32 பிட் மட்டும் மிஞ்சி, அதுவும் குறியோடு நின்றது. திரும்பி வருவது எழுத்துச் சுட்டு (எழுத்துகள் இருக்கும் முகவரி) என்று ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது. பைத்தானின் சொந்தச் செயற்கூறிடம் இந்தப் பாடு பட வேண்டியதில்லை.

> 'அமைப்பு அழைப்பு' இருக்கிறதே, அதுவே போதாதா?

போதாது. அது இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குள் நுழையும் அழைப்பு. சரத்தின் நீளத்தை எண்ணும் ஸ்டர்லென்னைப் பைத்தானிலிருந்து கூப்பிட்டால் அது அயலழைப்பு; கர்னல் பக்கமே எட்டிப் பார்க்காது. பைத்தானின் 'ஓபன்' நேர்மாறு: கர்னல் வரை போகும், ஆனால் நிரலர் எந்த அயல் நூலகத்தையும் தொடுவதில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அப்புறம் பாடம் நடத்துகிறவர் பாடுதான் திண்டாட்டம்.

> அயற்செயற்கூறு?

இரண்டு ற் நாக்கில் இடறுகிறது. 'அயல் செயற்கூறு' என்று பிரித்தே எழுதலாம். புணர்ச்சி விதி தெரிந்தவர்கள் மன்னிக்கட்டும்.

> மார்ஷலிங்குக்கு 'அணிவகுப்பு' என்று போட்டிருக்கிறேன்.

படித்தால் பூட்ஸ் சத்தம்தான் கேட்கிறது. அங்கே நடப்பது, இந்தப் பக்கத்துச் சரத்தையோ கட்டமைப்பையோ அந்தப் பக்கம் புரிந்துகொள்ளும் வடிவில் மாற்றித் தருவது. சி-யின் 'லாங்' கூட 64 பிட் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4 பைட். அதையும் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். மொழிபெயர்ப்பு, ஒலிபெயர்ப்பு வரிசையில் 'தரவுப்பெயர்ப்பு' என்று முதலில் நினைத்தேன். தரவை வேறு சேமிப்பகத்துக்குக் குடிபெயர்ப்பதோடு அது குழம்பும். 'வடிவப்பெயர்ப்பு' என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

சி நூலகத்தின் வரிசைப்படுத்தும் செயற்கூறான க்யூசார்ட்டிடம் நம் ஒப்பீட்டுச் செயற்கூறைக் கொடுத்தால் அது திரும்ப நம்மைக் கூப்பிடுமே, அதற்கு 'மீளழைப்பு'. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

பின்னிங்தான் மிச்சம். அயலழைப்பு முடியும்வரை, பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பி பொருளை இடம் நகர்த்திவிடாமல் நிறுத்தி வைப்பது. மாட்டைக் கட்டுவதுபோல 'முளையடித்தல்' என்று வாயில் வந்தது. பாடநூலில் போட்டால் சிரிப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.