புதுப்பிப்பு: குமுளி ஜீப் கடன், தவணை நிறுத்தம், என்ன ஆனது

2020 ஊரடங்கில் தேக்கடி படகும் நின்று, ஜீப் சவாரியும் நின்று, வண்டிக்கடன் தவணைக்கு வழியில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது, அதை எடுத்தேன். வட்டி நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும் என்று ஒருவர் எச்சரித்தாரே, அது அப்படியே நடந்தது, கடன் முடியும் தேதி தள்ளிப் போய்விட்டது. அதனால் அப்போது கையில் கொஞ்சமாவது காசு வந்தவர்களுக்குக் கட்டிவிடுவதே லாபமாக இருந்தது.

உண்மையில் கைகொடுத்தது போடிக்கார அண்ணன் சொன்ன யோசனைதான்: டூரிஸ்ட்டை மறந்துட்டு ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்று என்றார். கேரள எல்லை தாண்டப் பாஸ் கெடுபிடி இருந்ததால் தமிழ்நாட்டுப் பக்கத்துக் கம்பம், கூடலூர் ஆட்கள் முன்போல மலையேற முடியவில்லை, தோட்டக்காரர்களுக்கோ காய் எடுக்க ஆள் வேண்டும், அதனால் இந்தப் பக்கம் சும்மா இருந்த ஹோம்ஸ்டே, ஓட்டல் வேலைக்காரர்களையே காலையில் கூட்டிப்போய் மாலையில் இறக்கிவிட்டேன். சவாரிக் காசுக்குப் பக்கத்தில்கூட வராது, ஆனால் டீசலும் அரிசியும் ஓடியது.

எதிர்பாராதது ஒன்று. 2 கோடி வரையிலான கடன்களுக்கு அந்த 6 மாத வட்டிக்கு வட்டியை மத்திய அரசு திருப்பித் தந்தது, விண்ணப்பமே இல்லாமல் நவம்பரில் கணக்கில் விழுந்தது. சின்னத் தொகைதான். தவணையை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கும் அது உண்டு, 2020 பிப்ரவரி கடைசியிலேயே வாராக்கடனாக இருந்தால் மட்டும் கிடையாது, பழைய பாஸ்புக்கை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.