மாஸ் எஃபெக்ட் 3 வீடியோ கேமின் முடிவு: உங்கள் மனதில் இன்னும் உறுத்தும் ஒரு தருணம் இருந்தால் எழுதுங்கள்

நடுராத்திரி_நார்மண்டி

விளையாடியவர்களுக்காக எழுதுகிறேன், அதனால் ரீப்பர் யார், க்ரூசிபிள் என்ன என்றெல்லாம் நீட்டி விளக்கப் போவதில்லை. 2007 இல் முதல் பாகத்தில் உருவாக்கிய அதே நாயகன் ஷெப்பர்டை 2010, 2012 என்று மூன்று பாகத்துக்கும் கொண்டுவந்தவன் நான். நடுவில் கம்ப்யூட்டரே போய்விட்டது, சேவ் ஃபைல் மட்டும் பென்டிரைவில் தப்பித்தது.

2012 மார்ச், விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். அந்தச் சின்னப் பையன் உருவம் வந்து சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று வழியைப் பேசி முடித்தது, நான் சிவப்பைத் தேர்ந்தெடுத்தேன், நட்சத்திரங்களுக்கு இடையே கப்பல்களை அனுப்பும் ரிலேக்கள் ஒவ்வொன்றாக வெடித்தன, எங்கள் கப்பல் நார்மண்டி ஏதோ ஒரு காட்டுக் கிரகத்தில் விழுந்தது, அதை ஓட்டும் ஜோக்கர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தான், அவ்வளவுதான், கிரெடிட்ஸ். அப்புறம் தாத்தாவும் பேரனும் பேசும் காட்சி. அதற்கும் பிறகு ஒரு பெட்டி திறந்து, ஷெப்பர்டின் சகாப்தத்தை டிஎல்சி என்ற கூடுதல் பகுதிகள் மூலம் தொடரலாம் என்றது. பழைய சேவ் எடுத்துப் பச்சையையும் நீலத்தையும் போட்டுப் பார்த்தேன். அதே வெடிப்பு, நிறம்தான் வேறு.

ஆனால் உறுத்துவது அதுவல்ல. அன்று காலை பல்கூடத் துலக்காமல் ட்விட்டரைத் திறந்து, அந்த கேமில் வேலை செய்ததாகத் தன் பக்கத்தில் எழுதியிருந்த ஒருவருக்கு ஒரு வரி அனுப்பினேன். அந்த வரியை இங்கே எழுத மாட்டேன். அவர் கதை எழுதியவரா, ஒலி சேர்த்தவரா என்றுகூட நான் பார்க்கவில்லை. இதற்கு ஒரு மாதம் முன்னால், பிப்ரவரியில், கேமைச் செய்த பயோவேர் நிறுவனத்தின் எழுத்தாளர் ஒருவரைப் பழைய பேட்டி ஒன்றுக்காகக் கூட்டமாகச் சேர்ந்து வசைபாடி ட்விட்டரை விட்டே துரத்தினார்கள். அது கேவலம் என்று நண்பர்களிடம் பேசியவனும் நான்தான். நான் வரி அனுப்பிய மறுநாள் அதைப் பெற்றவரின் பக்கம் பூட்டியிருந்தது. எத்தனை பேர் அனுப்பியதால் பூட்டினாரோ தெரியாது, அதில் ஒன்று என்னுடையது. அவர் பெயர் மறந்துவிட்டது. நான் எழுதியது ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

வெண்ணிலா_கப்கேக்

நான் திட்டவில்லை, கேக் அனுப்பினேன். ரசிகர்கள் பணம் சேர்த்து கனடாவின் எட்மன்டனில் இருக்கும் பயோவேர் அலுவலகத்துக்கு 400 சொச்சம் கப்கேக் அனுப்பியது நினைவிருக்கிறதா? மேலே சிவப்பு, நீலம், பச்சை க்ரீம், எதை எடுத்துக் கடித்தாலும் உள்ளே ஒரே வெண்ணிலா. அதில் என் ஐந்து டாலரும் உண்டு. அப்போது நான் ஸ்கார்பரோவில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். யாரையும் காயப்படுத்தாமல் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று அவ்வளவு பெருமை.

பெரியம்மா மகள் ஒரு பேக்கரியில் வேலை செய்துகொண்டிருந்தார். இரவு வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தவரிடம் போனை நீட்டிப் படத்தைக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதை யார் செய்தது?" என்று கேட்டார். கேம் செய்தவர்களைக் கேட்கிறார் என்று நினைத்து நான் பயோவேர் கதையை ஆரம்பித்தேன். "இல்லை தம்பி, இந்த 400 கேக்கையும் செய்தது யார்? தன் கேக் எல்லாம் ஒரே ருசி என்று சொல்லத்தான் அதை வாங்குகிறீர்கள் என்று அந்த ஆளுக்குத் தெரியுமா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அக்கா கை கழுவப் போய்விட்டார்.

பயோவேர்காரர்கள் அந்தக் கேக்குகளைத் தாங்கள் வைத்துக்கொள்ளாமல் இளைஞர் காப்பகம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனாலும் அக்காவின் அந்தக் கேள்வி போகவில்லை.

கேரஸ்_பக்கம்

முதலில் என் அனுபவம், சின்னதுதான். சைல்ட்ஸ் ப்ளே அறக்கட்டளைக்கு முடிவை மாற்றக் கேட்ட "ரீடேக் மாஸ் எஃபெக்ட்" இயக்கத்தின் பெயரில் பணம் திரட்டினோமே, அதில் நானும் போட்டேன். 80,000 டாலரைத் தாண்டியது. பக்கத்தைத் திறந்து திறந்து எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று ஒரு நாள் நிறுத்திவிட்டார்கள், இந்தச் சண்டையோடு தங்கள் பெயர் சேர்வதை அறக்கட்டளை விரும்பவில்லை. மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்குப் போகும் பணம், அதையும் நிறுத்தும் அளவுக்கு நாங்கள் என்ன தவறு செய்தோம் என்ற ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

இப்போது மேலே எழுதிய இருவருக்கும். நண்பர்களே, குற்றவுணர்ச்சியில் வழக்கையே விட்டுக்கொடுக்காதீர்கள். வசைபாடியது தவறு, அதில் இரண்டு கருத்து இல்லை. அமெரிக்க வர்த்தக ஆணையம் வரை ஒருவர் புகார் கொண்டுபோனதும் எனக்கு அதிகமாகத்தான் பட்டது. ஆனால் முடிவை மாற்றச் சொல்லிக் கேட்டதே தவறு என்று ஆகாது. தயாரிப்பின் தலைவர் கேசி ஹட்சன், கேம் வரும் முன்பே, இது ஏ, பி, சி என்று எண்ணிச் சொல்லக்கூடிய முடிவாக இருக்காது என்று பேட்டி கொடுத்தார். வந்தது என்ன? ஏ, பி, சி. அதற்கு ஆளுக்கொரு நிறம்.

அப்புறம், "படைப்பு அவர்களுடையது, நீங்கள் யார் கேட்க" என்பவர்களுக்கு. விர்மைரில் ரெக்ஸ் சாகாமல் பேசிச் சமாளித்தது யார்? ராக்னி ராணியை விட்டது யார்? டுச்சாங்காவில் மோர்டின் அந்தக் கோபுரத்தில் ஏறியபோது தடுப்பதா விடுவதா என்று கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? கேமில் இந்த முடிவுகளையெல்லாம் எங்களையே எடுக்க வைத்து, ஐந்து வருடம் எங்களை எழுத வைத்தார்கள். கதை முழுக்க எங்களுடையது என்று சொல்லவில்லை, ஆனால் அதில் எங்கள் கைரேகை இருக்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் வந்து, இது எங்கள் கலை, தள்ளி நில்லுங்கள் என்றால் எப்படி?

ஃபால்அவுட் 3 என்ற இன்னொரு கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 இல் வந்தது. கடைசியில் கதிர்வீச்சு அறைக்குள் நீங்கள்தான் போய்ச் சாக வேண்டும், பக்கத்திலேயே கதிர்வீச்சு தாக்காத தோழன் ஃபாக்ஸ் நின்றுகொண்டு, இது உன் விதி என்று மறுப்பான். எல்லாரும் கேட்டார்கள். 2009 இல் ப்ரோக்கன் ஸ்டீல் டிஎல்சி வந்தது, ஃபாக்ஸை அனுப்பலாம், கதையும் அதற்குமேல் தொடரும். கலை செத்துவிட்டதா? இல்லையே.

மறுபடி விளையாடப் போகிறவர்கள் இதைக் கேளுங்கள். 2012 ஜூன் 26 இல் இலவசமாக வந்த, முடிவை விரிவாக்கும் எக்ஸ்டெண்டட் கட் இல்லாமல் தொடாதீர்கள் (மூன்று பாகத்தையும் சேர்த்து 2021 இல் வந்த லெஜண்டரி எடிஷனில் ஏற்கெனவே சேர்ந்தே இருக்கிறது). லெவியதான் டிஎல்சியைக் கடைசிக்குத் தள்ளாமல் நடுவிலேயே முடித்துவிடுங்கள், அப்போதுதான் அந்தப் பையன் யார் என்பது முடிவில் வானத்திலிருந்து குதித்த மாதிரி இருக்காது. சிட்டடெல் டிஎல்சியை செர்பரஸ் என்ற எதிரி அமைப்பின் தளத்தைத் தாக்கும் முன் வைத்துக்கொள்ளுங்கள், அந்த விருந்துதான் உண்மையான பிரியாவிடை. நான் ஒவ்வொரு முறையும் விருந்து முடிந்து எல்லாரும் நார்மண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில் நிறுத்திவிட்டு மறுநாள்தான் தொடர்வேன். பிசியில் விளையாடுகிறவர்களுக்கு அந்தப் பையனையே எடுத்துவிடும் மாட் ஒன்றும், அதாவது ரசிகர்கள் செய்த மாற்றம் ஒன்றும், இருக்கிறது. போட்டுப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

2021_ஷெப்பர்ட்

நான் லெஜண்டரி எடிஷனில்தான் முதன்முதலாக விளையாடினேன். 2012 சண்டை எதுவும் தெரியாது. எனக்கு முடிவு பிடித்திருந்தது, மன்னிக்கவும்.

நிறங்களெல்லாம் எனக்கு நினைவில் இல்லை. ஷெப்பர்டின் மூத்த அதிகாரி ஆண்டர்சனும் ஷெப்பர்டும் அடிபட்டு, ரத்தத்தோடு, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பூமியைப் பார்ப்பார்களே, அதுதான் நினைவில் இருக்கிறது. ஆண்டர்சன் தன் பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசிவிட்டு, அப்படியே சத்தமில்லாமல் போய்விடுவார். என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த மாதம் அது. கேமை அங்கேயே நிறுத்திவிட்டு, போன் செய்து சாப்பிட்டாரா என்று கேட்டேன். அதற்குப் பிறகு வந்த பையனும் மூன்று வழியும் எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

கேரஸ்_பக்கம் அவர்களுக்கு ஒன்று. அந்தப் பையனை எடுத்துவிடும் மாட் உங்கள் விருப்பம், சரி. ஆனால் ஆளாளுக்கு ஒரு முடிவை ஒட்டிக்கொண்டே போனால், நானும் நீங்களும் ஒரே கதையைப் பற்றித்தான் பேசுகிறோமா?

கேரஸ்_பக்கம்

தம்பி, நீங்கள் பார்த்ததே திருத்திய முடிவு. அதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். மார்ச்சில் ரிலேக்கள் மொத்தமாக வெடித்துச் சிதறின. அதற்கு முந்தைய வருடம் வந்த அரைவல் டிஎல்சியில், ஒரே ஒரு ரிலே வெடித்து ஒரு சூரியக் குடும்பமே அழிந்து மூன்று லட்சம் பட்டாரியன் இனத்தவர் செத்ததை எங்களுக்குக் காட்டியிருந்தார்கள். அப்படியானால் பூமி, டுச்சாங்கா கிரகம், எல்லாம் சாம்பல்தானே என்று நாங்கள் கணக்குப் போட்டோம். கடைசி ஓட்டத்தில் என்னோடு ஓடிவந்த தோழன் கேரஸ், எப்படித் திடீரென்று நார்மண்டியிலிருந்து இறங்கி வந்தான் என்றும் புரியவில்லை. ஷெப்பர்ட் எதிரி இயந்திரங்களான ரீப்பர்களின் மாயையில் சிக்கிக் கனவு காண்கிறார் என்று ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்களே, இந்த ஓட்டைகளை அடைக்கத்தான். நீங்கள் பார்த்தபோது ரிலேக்கள் சரிசெய்யக்கூடிய அளவுக்குத்தான் சேதம், கேரஸை நார்மண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும் காட்சியும் உண்டு. நாங்கள் சத்தம் போடாவிட்டால் உங்களுக்கு அது கிடைத்திருக்காது. அப்பா இப்போது நலமா?

தொடர்கதைக்காரி

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கேமை என் தம்பி விளையாடினான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். ஆனால் நான் இணையத்தில் தொடர்கதை எழுதுகிறவள், அதனால் இந்த விஷயம் வேறு இடத்தில் குத்துகிறது.

41 அத்தியாயம் எழுதினேன். கடைசியில் கதாநாயகி பையை எடுத்துக்கொண்டு விடிகாலை பஸ் ஏறிவிடுகிறாள். முதல் அத்தியாயம் எழுதும்போதே எனக்குத் தெரியும், அவள் ஏறுவாள் என்று. வெளியிட்ட அன்று இரவே ஆரம்பித்தது. குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போவாள், ஒரு வருடமாகப் படித்த எங்களை ஏமாற்றிவிட்டீர்கள், இதற்காகவா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காத்திருந்தோம். கெட்ட வார்த்தை எதுவும் இல்லை, எல்லாம் அன்பாகத்தான், அதனால்தான் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி கடைசி அத்தியாயத்தை அழித்தேன். அவள் பஸ் நிலையம் வரை போய்த் திரும்பி வந்து காபி போடுவதாக எழுதினேன். இதயங்கள் குவிந்தன.

இரண்டு வாரம் கழித்து ஒரு தனிச்செய்தி. அதுவரை ஒரு கருத்துகூடப் போடாத வாசகி, வயதில் பெரியவர். "முதலில் பஸ் ஏறினாளே அம்மா, அதுதான் சரி. நான் அன்று ஏறாமல் திரும்பி வந்தவள். அவளாவது போகட்டும் என்று இருந்தது" என்று எழுதியிருந்தார்.

பழைய அத்தியாயத்தின் பிரதி என்னிடம் இல்லை. நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தேன், அந்த விடிகாலை வரவே இல்லை.

பயோவேரை நிறுவியவர்களில் ஒருவரான ரே முசிகா அந்த மார்ச்சில் ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினாரே, கலை நேர்மையும் காப்போம், உங்கள் குறையையும் கேட்போம் என்ற தொனியில். தம்பி அதைப் படித்துக்காட்டி, மழுப்புகிறார் என்று கத்தினான். அன்று நானும் தலையாட்டினேன். இப்போது எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருக்கிறது. அவர்கள் விளக்கம் சேர்த்தார்கள், காட்சி சேர்த்தார்கள், ஆனால் அந்தப் பையனையும் எடுக்கவில்லை, மூன்று வழியையும் எடுக்கவில்லை. கேரஸ்_பக்கம், உங்கள் கைரேகை இருக்கிறது என்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். என் கதையிலும் அந்த ஆயிரம் வாசகர்களின் கைரேகை இருந்தது. கருத்தே போடாத அந்த அம்மாவின் கைரேகையை மட்டும் நான் பார்க்கவில்லை.

கேரஸ்_பக்கம்

அக்கா, இனிமேல் எழுதுவதை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள், ஒன்று உங்கள் கம்ப்யூட்டரில், இன்னொன்று மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி. பழைய பக்கம் ஏதாவது இணையக் காப்பகத்தில் மாட்டியிருக்கிறதா என்று தேடிப் பார்த்தீர்களா? சுட்டி இருந்தால் அனுப்புங்கள், நான் தேடுகிறேன்.

அரை_எம்பி_இணைப்பு

என்னுடையதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் அப்போது அரை எம்பி இணைப்பு. இணையத்தில் மற்றவர்களோடு சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் திறந்தால் எதிரி நிற்பான், நான் சுடுவேன், மூன்று விநாடி கழித்து நான் செத்திருப்பேன். அதனால் அதை ஆடினால் ஏறும் கேலக்ஸி தயார்நிலை 50 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. மூன்று பாகத்திலும் ஒரு பக்கக் கதைகூட விடாமல் முடித்தும், இடிபாட்டுக்குள் ஷெப்பர்ட் மூச்சு விடும் காட்சி எனக்கு வரவில்லை. மல்டிபிளேயர் இல்லாமலே எல்லா முடிவும் கிடைக்கும் என்று நம்பி வாங்கியவன் நான்.

சரி, அதை விடுங்கள். அந்தப் பையன் பேசி முடித்ததும் நான் எந்த வழிக்கும் போகவில்லை. ஷெப்பர்ட் கையில் அந்தத் துப்பாக்கி இன்னும் இருந்தது, குண்டு தீராத துப்பாக்கி. திரும்பி நின்று பையனைச் சுட்டேன். குண்டு அவனுக்குள் புகுந்து போனது. அவன் அசையவில்லை. கால் மணி நேரம் சுட்டிருப்பேன். எனக்குச் சொல்ல வேண்டியது இருந்தது, சொல்வதற்கு அந்த ஒரு பட்டன்தான் இருந்தது, அது எங்கேயும் போய்ச் சேரவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

ஜூனில் எக்ஸ்டெண்டட் கட்டை இரவு முழுக்க இறக்கினேன். மூச்சுக் காட்சிக்கான வரம்பைக் குறைத்திருக்கிறார்கள் என்று படித்திருந்தேன், அதற்காகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த இடம் வந்ததும் கை தானாகப் பழைய வேலையைச் செய்தது. திரும்பி, பையனைப் பார்த்து ஒரே ஒரு குண்டு.

இந்த முறை அவனுக்குக் கேட்டது. குரல் மாறியது, ரீப்பரின் குரல். அப்படியே ஆகட்டும் என்றான். விளக்குகள் அணைந்தன. வெளியே எங்கள் கப்பல்கள் வரிசையாக வெடித்தன. அப்புறம் ஏதோ ஒரு கிரகத்தில், மண்ணுக்குள் புதைத்த பெட்டியிலிருந்து எங்கள் தோழி லியாராவின் பதிவு மட்டும் பேசியது, நாங்கள் தோற்றுவிட்டோம், அடுத்து வருபவர்களாவது ஜெயிக்கட்டும் என்று.

எங்களை அடிக்கத்தான் இதை வைத்தார்கள், பிடிக்கவில்லை என்றால் எல்லாரும் சாகுங்கள் என்கிறார்கள் என்று நண்பர்கள் கொதித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மார்ச்சில் நான் சுட்டதை யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது. பழைய சேவை எடுத்து மூச்சுக் காட்சியைப் பார்க்கலாம் என்று அப்போதே நினைத்தேன். இன்றுவரை பார்க்கவில்லை.