தம்பி காலில் ரிங் போட்டு மூன்று வாரம், குதிகால் மேலே ஏறுகிறது. காத்திருக்கலாமா?

கரூர்க்காரி:
வணக்கம். தம்பிக்கு 24 வயது. நாலு வருடத்துக்கு முன்னால் பைக்கில் விழுந்து வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, சேரும்போது 4 சென்டிமீட்டர் குட்டையாகச் சேர்ந்துவிட்டது. செருப்புக்கு அடியில் கட்டை வைத்து நடந்து நடந்து இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம். இப்போது அதை நீட்ட எலும்பை வெட்டி, காலைச் சுற்றி வெளியே வளையமும் எலும்புக்குள் கம்பியுமாக இலிசரோவ் ரிங் மாட்டியிருக்கிறார்கள். முதல் 7 நாள் அப்படியே விட்டு, எட்டாம் நாளிலிருந்து வெட்டிய இடம் கொஞ்சம் கொஞ்சமாக விலக, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரிங்கின் நட்டைக் கால் சுற்று (நாலில் ஒரு பங்கு) திருகச் சொன்னார்கள், திருகுகிறோம்.

பிரச்சினை என்னவென்றால் பாதம் கீழ்ப்பக்கம் தொங்க ஆரம்பித்திருக்கிறது. நிமிர்த்தினால் கெண்டைக்கால் விண்ணென்று இழுக்கிறது என்கிறான். அம்மா "புண்ணு ஆறட்டும், அப்புறம் பயிற்சியெல்லாம் பாத்துக்கலாம்" என்று வீட்டுக்கு வந்த பிசியோவைக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். கம்பி உள்ளே போகிற இடம் இரண்டில் தண்ணீர் மாதிரி கசிவு வேறு. அப்பத்தா மஞ்சள் அரைத்துக் கிண்ணத்தோடு நிற்கிறார். இவனோ ஒரு நாளைக்கு எட்டுத் தடவை திருகினால் பாதி நாளில் முடிந்துவிடுமே என்று கணக்குப் போடுகிறான். அடுத்த ரிவ்யூவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமா?

எட்டுமாதரிங்:
பொறுக்க வேண்டாம் அக்கா, நாளைக்கே போன் பண்ணுங்கள். எனக்கும் அதே கால், அதே ரிங், 5 சென்டிமீட்டர். வலிக்கிறது என்று முதல் ஒரு மாதம் பாதத்தை நிமிர்த்தவே இல்லை. எலும்பு அருமையாக நீண்டது, குதிகால்தான் தரையைத் தொடவில்லை. கடைசியில் குதிகால் நரம்பை (நாம் அப்படிச் சொல்கிறோம், உண்மையில் அது தசைநார்) நீட்ட இன்னொரு ஆபரேஷன். வீட்டில் யாராவது பாவம் பார்த்தால் இதைக் காட்டுங்கள்.

பிறகு எனக்குச் செய்து கொடுத்தது இதுதான்: ஒரு பழைய ஹவாய் செருப்பின் அடிப்பாகம், நுனியில் இரண்டு ஓட்டை, அதில் சைக்கிள் டியூப் பட்டையைக் கோத்து முன்பக்க ரிங்கில் இழுத்துக் கட்டுவது. பாதம் எப்போதும் எல் மாதிரி நிற்கும், தூங்கும்போதும். உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கட்டுங்கள். தலையணையை முழங்காலுக்கு அடியில் வைக்காதீர்கள், சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முழங்கால் மடங்கியே இறுகிவிடும். குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

இன்னொன்று, நட்டு அறுகோணமா என்று பாருங்கள். நான் ஒரு பட்டை திருகினால் கால் சுற்று என்று நினைத்துக்கொண்டு ஒன்பது நாள் திருகினேன். ஆறு பட்டையில் கால் சுற்று என்றால் ஒன்றரைப் பட்டை! எக்ஸ்ரேயில் இடைவெளி குறைவாக இருந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

பிசியோ_மதுரை:
பத்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், நேரில் பார்க்காமல் சொல்வதால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். ஒரு முழுச் சுற்றுக்கு 1 மில்லிமீட்டர், அதுதான் ஒரு நாளின் அளவு. அதைவிட வேகமாக இழுத்தால் நடுவில் புது எலும்பு ஊறாமல் வெறும் இடைவெளியாக நின்றுவிடும், மெதுவாகப் போனால் நீள்வதற்குள் ஒட்டிவிடும். எட்டுத் தடவை என்கிற தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது, வீட்டில் ஓட்டுப் போட்டு முடிவு செய்வதில்லை.

எலும்பு சொன்ன பேச்சைக் கேட்கும். தசையும் நரம்பும்தான் முரண்டு பிடிக்கும். தினமும் இரண்டு மூன்று வேளை கெண்டைக்காலை இழுத்து நீட்டியே ஆக வேண்டும், புண் ஆறும்வரை என்று காத்திருந்தால் அதற்குள் தசை இறுகிவிடும். கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியாவிட்டாலோ, கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே மரத்திருந்தாலோ அன்றே தெரிவியுங்கள், நரம்பு இழுபடுகிறது என்று அர்த்தம். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ போன் கூட வேண்டாம், நேராக எமர்ஜென்சி.

தண்ணீர் மாதிரிக் கசிவு பலருக்கும் வரும். சீழ், சுற்றிலும் பரவும் சிவப்பு, காய்ச்சல் என்றால் உடனே காட்ட வேண்டும். மஞ்சள் வேண்டவே வேண்டாம், அப்பத்தாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மருத்துவமனையில் கொடுத்த மருந்து, சுத்தமான காஸ் துணி, கழுவிய கை, அவ்வளவுதான். மருந்துக் கடையில் தானாக வாங்கிய டைக்லோஃபெனாக் வகை வலி மாத்திரைகளும் வேண்டாம், எலும்பு ஊறுவதைத் தாமதப்படுத்தலாம். சிகரெட்டும் அப்படித்தான். அந்தப் பழக்கம் இருந்தால், அக்காவிடம் சொல்ல மாட்டான், கேட்டுப் பாருங்கள்.

எட்டுமாதரிங்:
சிகரெட் விஷயத்தில் ஐயா என்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருக்கிறது. அப்புறம், 40 நாளில் திருகி முடித்ததும் கழற்றிவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். மொத்தமாக ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்று, ஒன்றரை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் புது எலும்பு கெட்டிப்பட வேண்டுமே. அந்தக் காலம்தான் சலிப்பு. வேலைக்குப் போக ஒரு பக்கத் தையலைப் பிரித்து வெல்க்ரோ வைத்த ட்ராக் பேண்ட் தைத்துக்கொள்ளட்டும், தெருமுனை டெய்லர் போதும்.

சைபீரியப்பிரியன்:
சம்பந்தம் கொஞ்சம்தான், இருந்தாலும். இந்த ரிங்கை உருவாக்கிய டாக்டர் இலிசரோவ் 1950-களில் சைபீரியாவின் குர்கான் ஊரில் உடைந்த எலும்பைச் சேர்க்கத்தான் இதைப் பயன்படுத்தினார். ஒரு நோயாளி நட்டை எதிர்ப்பக்கமாகத் திருகிவிட, இடைவெளியில் புது எலும்பு வளர்ந்திருப்பதைப் பார்த்துத்தான் நீட்டும் யோசனை வந்தது என்று சொல்வார்கள். ஆகவே எந்தப் பக்கம் திருகுவது என்று ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கரூர்க்காரி:
எல்லாருக்கும் நன்றி. இன்று போய்க் காட்டினோம். ஒரு நாளைக்கு மூன்று தடவையாகக் குறைத்துவிட்டார்கள், பத்து நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே. நரம்பு நன்றாக இருக்கிறதாம், கட்டைவிரலைத் தூக்கினான். செருப்பு வைத்தியத்தைக் காட்டினேன், டாக்டர் சிரித்துவிட்டு கட்டுங்கள் என்றார். அம்மா பிசியோவுக்குத் தானே போன் பண்ணி நாளைக்கு ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். நட்டு அறுகோணம்தான், எல்லாவற்றிலும் என் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டாகிவிட்டது. சிகரெட்டைப் பற்றிக் கேட்டேன், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.