பல வருஷம் கழிச்சு மறுபடி செஸ்னா விமானம் ஓட்டணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

வானம்பாடி (சான் ஹோசே):
வணக்கம் நண்பர்களே. 2009ல ரெய்ட்-ஹில்வியூ ஏர்போர்ட்ல செஸ்னா 172ல கத்துக்கிட்டு எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை) பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கினேன். அப்புறம் குழந்தைங்க, வீட்டு லோன், வேலைன்னு 2013ல அப்படியே நின்னு போச்சு. ஆசை மட்டும் போகவே இல்ல, ஈஸ்ட்ரிட்ஜ் மால் பக்கம் போனா தலைக்கு மேல லேண்டிங்குக்கு இறங்குற பிளேனை நின்னு பாத்துட்டுதான் வருவேன். இப்ப பொண்ணு வளந்துட்டா, அவளை ஒரு தடவையாவது கூட்டிட்டு பறக்கணும். லைசென்ஸ் இன்னும் செல்லுமா, மெடிக்கல் சர்டிஃபிகேட் எப்பவோ முடிஞ்சது, வயசு 46, பிபி மாத்திரை வேற சாப்பிடறேன். முதல்ல இருந்து முழு கோர்ஸும் பண்ணணுமா?

ரன்வே அக்கா (ஹூஸ்டன், இன்ஸ்ட்ரக்டர்):
தம்பி, லைசென்ஸுக்கு எக்ஸ்பைரியே கிடையாது, தைரியமா இருங்க. நடுவுல வீடு மாறியிருந்தா மட்டும் எஃப்ஏஏ வெப்சைட்ல அட்ரஸை மாத்திடுங்க, மாத்தாம 30 நாளுக்கு மேல ஓட்டக்கூடாதுன்னு ரூலே இருக்கு. உங்களுக்கு வேண்டியது ஃபிளைட் ரிவ்யூதான், அதாவது இன்ஸ்ட்ரக்டரோட உக்காந்து பாடமும் பறக்கறதும் சரிபாக்கறது. குறைஞ்சது 1 மணி நேரம் தரையில பாடம், 1 மணி நேரம் பறக்கறது, 24 மாசத்துக்கு ஒரு தடவை. அது எக்ஸாம் இல்ல, ஃபெயில்னு ஒண்ணு கிடையாது, சரியா வரலைன்னா டிரெய்னிங்னு லாக்புக்ல எழுதிட்டு இன்னொரு நாள் தொடருவோம். ஆனா இவ்வளவு கேப் விட்டுட்டு ஒரே நாள்ல முடிச்சிடலாம்னு வராதீங்க.

மெடிக்கல்ல அவசரப்படாதீங்க, இதை எல்லார்கிட்டயும் கெஞ்சாத குறையா சொல்றேன். பிபி மட்டும்னா பெரும்பாலும் பிரச்சனை வராது, இருந்தாலும் நேரா போய் தேர்டு கிளாஸ் மெடிக்கலுக்கு (எஃப்ஏஏ டாக்டர் தர்ற சர்டிஃபிகேட்) அப்ளை பண்ணி அது ரிஜெக்ட் ஆச்சுன்னா பேசிக்மெட்ங்கற சுலபமான மாத்து வழியும் அடைஞ்சிடும். 2006 ஜூலை 14க்கு அப்புறம் எப்பவாவது வேலிட் மெடிக்கல் இருந்து, கடைசியா வாங்கினது ரத்து ஆகாம இருந்து, கையில டிரைவிங் லைசென்ஸும் இருந்தா பேசிக்மெட்டே போதும். சாதாரண டாக்டர்கிட்ட 48 மாசத்துக்கு ஒரு செக்கப், 24 மாசத்துக்கு ஒரு ஆன்லைன் கோர்ஸ். ஹார்ட் அட்டாக் மாதிரி பெருசா ஏதாவது வந்திருந்தா அது வேற கதை.

அதெல்லாம் முடியற வரைக்கும் வீட்ல உக்காந்திருக்கவும் வேண்டாம். இன்ஸ்ட்ரக்டர் பைலட் இன் கமாண்டா (பொறுப்பு பைலட்டா) பக்கத்துல இருந்தா மெடிக்கல் இல்லாமலே டிரெய்னிங் ஆரம்பிக்கலாம். இந்த வாரமே போங்க.

மறுபடி_பறக்கிறேன் (பாலோ ஆல்ட்டோ):
அக்கா சொன்னது அத்தனையும் சரி. நானும் இதே மாதிரி திரும்பி வந்தவன்தான், என் அனுபவத்துல கை மறக்காது, கால்தான் மறக்கும். இத்தனை வருஷம் கார் ஓட்டினவங்களுக்கு டேக்ஸி பண்ணும்போது (தரையில ஓட்டிப் போகும்போது) கை தானா யோக்கை (ஸ்டீயரிங் மாதிரி இருக்கறது) திருப்பும், பிளேன் பாட்டுக்கு நேரா போகும், ரடர் பெடலை மிதிச்சாதான் திரும்பும். டேக்ஆஃப்லயும் வலது கால் அழுத்தலைன்னா மூக்கு இடது பக்கம் இழுக்கும்.

ரொம்ப கவனமா இருக்க வேண்டியது பேஸ்ல இருந்து ஃபைனல் திரும்பற இடம், அதாவது இறங்கறதுக்கு ரன்வே நேருக்கு கடைசியா திரும்பறது. ரன்வே நேர்கோட்டைத் தாண்டிட்டோமேன்னு ரடரை மிதிச்சு இழுக்கத் தோணும், கூடவே யோக்கையும் இழுத்தா ஸ்டால் ஆகி (றெக்கை தூக்கற சக்தியை இழந்து) சுத்திக்கிட்டே விழற ஸ்பின்ல போயிடும், அந்த உயரத்துல மீட்கவே முடியாது. தாண்டிட்டா கோ-அரவுண்ட் போங்க (இறங்காம மேல ஏறி மறுபடி சுத்தி வாங்க), அவ்வளவுதான்.

ரேடியோவும் துரு பிடிச்சிருக்கும். மொதல்ல சான் மார்ட்டின் ஏர்போர்ட் போய் லேண்டிங் பழகுங்க, அங்க கண்ட்ரோல் டவர் கிடையாது, மூச்சு விட நேரம் கிடைக்கும். நீங்க விட்டப்புறம் மாறினதும் இருக்கு: 2020 ஜனவரில இருந்து சான் ஹோசே ஏர்போர்ட்டை சுத்தின கட்டுப்பாட்டு வான்பகுதியான கிளாஸ் சி உள்ள போக ஏடிஎஸ்-பி அவுட் (பிளேன் இருக்கற இடத்தை ஒளிபரப்பற கருவி) கட்டாயம், பேப்பர் சார்ட்டுக்கு பதிலா எல்லார் மடியிலயும் ஐபேட்தான், ரெய்ட்-ஹில்வியூலயும் 2022ல இருந்து ஈயம் கலந்த 100எல்எல் பெட்ரோல் விக்கிறதில்ல.

வானம்பாடி:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி நண்பரே. ரிவ்யூ முடிஞ்சதும் பொண்ணை உடனே கூட்டிட்டு போலாமா?

ரன்வே அக்கா:
மெடிக்கல் விஷயம் முடிஞ்சிருக்கணும், அதோட கடைசி 90 நாளுக்குள்ள 3 டேக்ஆஃப், 3 லேண்டிங் பண்ணியிருக்கணும். டிரெய்னிங்ல நீங்களே கண்ட்ரோல் பிடிச்சு பண்ணதும் கணக்குல வரும். ராத்திரின்னா அது தனி, ஒவ்வொரு தடவையும் முழுசா நிறுத்தி இறங்கியிருக்கணும்.

மறுபடி_பறக்கிறேன்:
மொத தடவை காலைலயே கூட்டிட்டு போங்க, வெயில் ஏறினா மலைப்பக்கம் ஆட்டம் ஜாஸ்தி, குழந்தைக்கு குமட்டிடுச்சுன்னா அப்புறம் வரவே மாட்டா. போறதுக்கு வாட்சன்வில் ஏர்போர்ட் அழகுதான், ஆனா கோடைல காலைல கடல் மேகம் மூடிக்கும். ஹாலிஸ்டர் போயிட்டு மதியத்துக்குள்ள திரும்பிடுங்க, அதுக்கு மேல அங்க காத்து பிச்சுக்கும்.